எஸ்.டி.எம்.சி.யில் பெயர் வந்துவிட்டதா? பெங்களூர் அரசுப் பள்ளியில் காரியம் நடத்தும் வழி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளையின் பையில் ஒரு துண்டுச் சீட்டு வரும். பெற்றோர் கூட்டம், காலை பத்தரை மணி, தவறாமல் கலந்துகொள்ளவும். பத்தரை மணிக்கு வேலையை விட்டுவிட்டு யார் போவது என்று பெரும்பாலான வீடுகளில் அந்தச் சீட்டு அடுப்பங்கரை மேடையிலேயே கிடந்து ஊறிப்போகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கூட்டத்தில்தான் எஸ்.டி.எம்.சி. தேர்வு நடக்கிறது. 'ஷாலாபிவ்ருத்தி மத்து மேலுஸ்துவாரி சமிதி' என்று கன்னடத்தில் பலகை மாட்டியிருப்பார்களே, அதுதான். பள்ளியை வளர்க்கவும் மேற்பார்வை பார்க்கவும் பெற்றோர்கள் உட்காரும் குழு.

நான் அல்சூரில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். என் பிள்ளைகள் அரசுத் தமிழ்வழிப் பள்ளியில் படித்தார்கள். ஒரு முழுப் பருவம் அந்தப் பள்ளியின் எஸ்.டி.எம்.சி. தலைவியாக இருந்தேன். இப்போது மர்ஃபி டவுனிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் அளவு கொடுக்க வருகிற பெண்கள், 'அக்கா, என்னையும் கமிட்டியில் போட்டுவிட்டார்கள், என்ன செய்வது?' என்று கேட்கிறார்கள். தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு மிட்டாய் வாங்கவும், வருகிற விருந்தினருக்குச் சால்வை போர்த்தவும் அமைத்த குழு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா தலைமையில் அமைந்த கல்விப் பணிக்குழு சொன்னதை ஏற்று, 2001-இல் கர்நாடக அரசு ஆணை போட்டு இந்தக் குழுக்களை உண்டாக்கியது. அதன் பிறகு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றையும் இந்தக் குழுவின் வேலையாகவே எழுதிவைத்திருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் இடம் மட்டும்தான். ஆகவே உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் இனி எழுதுவது எல்லாம் நேரடி அரசுப் பள்ளிக்கு.

உள்ளே நுழைவது

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தலைமை ஆசிரியர் உறுப்பினர் செயலாளர். தலைவரோ பெற்றோர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஏட்டில் இப்படி. நடைமுறையில், நீங்கள் கூட்டத்துக்குப் போவதற்குள் ஒரு பட்டியல் பென்சிலில் தயாராக இருக்கும். போன தடவை இருந்தவர்கள், எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போய்வருகிற ஒருவர், வாய் திறக்காத நாலைந்து அம்மாக்கள். 'எல்லோருக்கும் சம்மதம்தானே?' என்பார்கள், எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள்.

அந்த நேரத்தில் எழுந்து உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வழிமொழியச் செய்தால் போதும், பட்டியலில் இடம் கிடைத்துவிடும். அரசுப் பள்ளியில் போட்டி என்று பெரிதாக எதுவும் கிடையாது, வர மறுக்கிறவர்கள்தான் அதிகம்.

பெண் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் உங்களுடையது, கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர் உங்கள் வீட்டுக்காரர் என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் மனைவிக்குப் பதிலாக வந்து, மனைவியின் பெயரையே கையெழுத்தாகப் போட்டுவிட்டுப் போவார். நாளைக்குக் கணக்கில் வில்லங்கம் வந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் அந்த அம்மாவுக்குத்தான் வரும். அவருக்குப் பள்ளிக் கட்டடத்தின் மாடிப்படி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

எந்தக் கதவைத் தட்டுவது

உறுப்பினரானதும் பெரும்பாலோர் செய்வது, எல்லாவற்றுக்கும் தலைமை ஆசிரியையைப் பிடித்துக்கொள்வது. பாவம், அவர் கையில் இருப்பது கொஞ்சம். சிறிய பள்ளியில் அவரே இரண்டு வகுப்பைச் சேர்த்துவைத்துப் பாடம் நடத்துவார். நடுவில் அரசு இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், பால்பவுடர் கணக்கு எழுத வேண்டும், கூட்டத்துக்கு ஓட வேண்டும். அவரால் முடியாததற்கு அவரிடம் சண்டை போட்டால் அவரால் முடிந்ததும் நடக்காது.

ஏணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு மேலே சி.ஆர்.பி. இருப்பார். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த ஒரு தொகுப்புக்கு அவர் வளநபர். பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்ப்பார், விவரம் சேகரிப்பார். எதையும் ஒதுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, ஆனால் மேலே என்ன நடக்கிறது என்ற செய்தி அவரிடம் இருக்கும். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு மேல் பி.இ.ஓ. என்கிற வட்டாரக் கல்வி அதிகாரி. நம் அன்றாடக் கவலைகளில் பெரும்பகுதி அவர் மேசையில்தான் தீரும். ஆசிரியர் விடுப்பு, ஒரு பள்ளி ஆசிரியரை வேறு பள்ளிக்குத் தற்காலிகமாக அனுப்புவது, அதிதி ஆசிரியர் என்கிற தற்காலிக மதிப்பூதிய ஆசிரியர் ஒதுக்கீடு எல்லாம் அங்கேதான். அவருக்கு மேல் டி.டி.பி.ஐ., கல்வி மாவட்டத்தின் துணை இயக்குநர். பெங்களூர் நகரத்துக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு கல்வி மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இயக்குநர். உச்சியில் நிருபதுங்கா சாலையில் ஆணையர். உங்கள் தெரு வடக்கா தெற்கா, எந்த பி.இ.ஓ. வட்டம் என்பதைப் பள்ளியின் முத்திரையிலேயே பார்க்கலாம். கடிதத்தாளின் தலைப்பிலும் இருக்கும்.

இந்த ஏணிக்கு வெளியே இருப்பவற்றையும் கல்வித்துறையிடம் கொண்டுபோய்த்தான் ஆட்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள். பள்ளி வாசலில் சாக்கடை பொங்கினால் பி.இ.ஓ. என்ன செய்வார்? கழிவுநீர்க் குழாய் பி.டபிள்யூ.எஸ்.எஸ்.பி. என்கிற குடிநீர், கழிவுநீர் வாரியத்துடையது. குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை. 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்ற பழைய ஒரே மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால், பழைய வார்டு ஆபீஸ் எண்ணை வைத்துக்கொண்டு அலையாமல் உங்கள் பகுதி எந்த மாநகராட்சியில் வருகிறது என்று ஒருமுறை கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவரை உரசிக்கொண்டு நிற்கும் மின்மாற்றி பெஸ்காம் என்கிற மின் நிறுவனத்துடையது. மாநகராட்சியே நடத்தும் பள்ளிகளும் நகரத்தில் உண்டு. அவற்றின் ஏணி தனி.

தீர்மானப் புத்தகம்

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட வற்புறுத்திச் சொல்வேன். கூட்டத்தில் நீங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் அது அந்த அறைக்குள்ளேயே முடிந்துவிடும். புத்தகத்தில் ஏறியது மட்டும்தான் பி.இ.ஓ. அலுவலகத்துக்கும் வங்கிக்கும் தணிக்கைக்கும் தெரியும்.

எங்கள் பள்ளியில் அது பச்சை அட்டை போட்ட நீளமான பதிவேடு. கூட்டம் முடிந்து டீ வருகிற நேரத்தில் அது சுற்றுக்கு வரும். மேலே தேதி இருக்கும், கீழே கையெழுத்துக்கு வரிசை எண் போட்டிருக்கும், நடுவில் முக்கால் பக்கம் வெறும் கோடுகள். 'நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், விஷயத்தை நான் நிதானமாக எழுதிக்கொள்கிறேன்' என்பார் தலைமை ஆசிரியை. அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை, காலம் காலமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனாலும் எழுதிய பிறகுதான் கையெழுத்து என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுதி முடித்ததும், கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். 'நம்பிக்கை இல்லையா அம்மா?' என்றார். 'அளவு எழுதாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன் மேடம், கைப்பழக்கம்' என்றேன். அடுத்த கூட்டத்தில் பதிவேட்டோடு ஸ்கேலையும் அவரே எடுத்துவைத்திருந்தார்.

தீர்மானம் எழுதுவதில் ஒரு முறை இருக்கிறது. 'கழிப்பறை சரியில்லை, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. எந்தப் பொருள், என்ன குறை, யார் பணம் அல்லது யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். உதாரணமாக: பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய் உடைந்திருப்பதால் தண்ணீர் வருவதில்லை, பழுதுபார்க்கும் செலவுக்குப் பிளம்பர் கொடுத்த மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது, தொகையைப் பள்ளி மானியத்திலிருந்து செலவிடக் குழு ஒப்புக்கொள்கிறது, தலைமை ஆசிரியை 15 நாளில் வேலையை முடித்து அடுத்த கூட்டத்தில் பில்லை வைக்க வேண்டும். இப்படி எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாரும் யாரையும் திட்ட வேண்டியதே இல்லை. பழைய பக்கத்தைப் புரட்டி வாசித்தால் போதும்.

கன்னடத்தில் எழுதுங்கள். அலுவலகக் கோப்பு கன்னடத்தில்தான் நகரும், தமிழில் எழுதிய தீர்மானம் மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு மேசையில் உட்கார்ந்துவிடும். நம்மில் பலருக்குக் கன்னடம் பேசத் தடையில்லை, எழுதத்தான் வராது. பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள் அல்லவா? என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் மனுக்களை எல்லாம் அவள்தான் எழுதினாள், கன்னட டீச்சர் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுப்பார். ஆனால் ஒன்று, கையெழுத்துக்கு முன்னால் தமிழில் உரக்கச் சொல்லி எல்லோருக்கும் புரியவைத்துவிட வேண்டும். புரியாமல் போட்ட கையெழுத்து நமக்கே எதிராக வந்து நிற்கும்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தடுக்க முடியாது, நீங்கள் உறுப்பினர்.

பணம்

பள்ளியின் எஸ்.டி.எம்.சி. வங்கிக் கணக்கு தலைவர், தலைமை ஆசிரியர் இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கு. நீங்கள் தலைவரானால், 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்பார்கள். முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். தொகை, பெயர், தேதி மூன்றும் நிரம்பி, கீழே பில் இருந்தால் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. நான் பல தடவை குழந்தைக்கு மதியச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்த கையைக் கழுவிக்கொண்டு போய்க் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன்.

வருகிற பணம் எவ்வளவு என்பது ரகசியம் இல்லை. சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கும் தூய்மைக்கும் போக வேண்டும். விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் தனியாக வரும். தொகை பெரும்பாலும் தாமதமாக வந்து சேரும், மார்ச் 31-க்குள் செலவு காட்டியாக வேண்டும் என்று அவசரப்படுவார்கள். அந்த அவசரத்தில்தான் தேவையில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகளும், பூட்டியே கிடக்கும் மைக் செட்டும் பள்ளிக்குள் வருகின்றன. ஆகவே டிசம்பருக்குள் வளர்ச்சித் திட்டத்தை எழுதி, எது முதலில் எது பிறகு என்று வரிசை போட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். பணம் எப்போது வந்தாலும் வரிசைப்படி போகும்.

பெற்றோரிடம் வசூல் வேண்டாம். 2022 அக்டோபரில், பெற்றோரிடம் மாதம் 100 ரூபாய் நன்கொடை பெறலாம் என்று துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நாலா பக்கமும் எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கரண்ட் பில்லுக்கு வேண்டும் என்று யாராவது சொன்னால், அரசுப் பள்ளிகளுக்கு மின்சாரமும் தண்ணீரும் இலவசம் என்று முதல்வர் சித்தராமையா 2023 நவம்பர் 1 ராஜ்யோத்சவ நாளில் அறிவித்ததை நினைவுபடுத்தி, அது எப்படி நடைமுறையாகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனிகளின் உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது பெங்களூர். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதனால் சனிக்கிழமை ஆனால் ஒரே நிறச் சட்டை போட்ட இளைஞர்கள் பெயிண்ட் டப்பாவோடு வருகிறார்கள். சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளிக்கு எதற்கு ஒட்டகச்சிவிங்கி? அவர்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் வரிசைப் பட்டியலை நீட்டுங்கள்: தண்ணீர் மோட்டார், சம்ப் தொட்டி சுத்தம், ஜன்னல் வலை. எழுத்தில் பட்டியல் இருந்தால் அவர்களுக்கும் மேலிடத்தில் சொல்ல வசதி. எங்களுக்கு மோட்டார் அப்படித்தான் வந்தது. ஒட்டகச்சிவிங்கியும் வந்தது, அதைத் தடுக்க முடியவில்லை.

தமிழ் ஆசிரியர்

தமிழ்வழிப் பள்ளியின் உயிர் இதில்தான் இருக்கிறது. தமிழ் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே நிற்கும். பிறகு பிள்ளைகள் குறைவார்கள், குறைந்ததைக் காட்டி இடமே போய்விடும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கணக்கு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு, 200 வரை ஐந்து. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும், அதில் மொழிக்கு ஒருவர் கட்டாயம். ஒரு பள்ளியில் காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தக் கணக்கு எல்லாம் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை வைத்துத்தான். அதனால் ஜூன் மாதச் சேர்க்கைதான் எஸ்.டி.எம்.சி.யின் பெரிய வேலை. தெருத் தெருவாகப் போங்கள். மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து இறங்கியவர்கள், இவர்களின் பிள்ளைகள் பிறப்புச் சான்று இல்லை, மாற்றுச் சான்று இல்லை என்று வீட்டில் இருப்பார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டத்தின் 14-ஆம் பிரிவு. சேர்த்துவிட்டுச் சான்றைப் பிறகு வாங்கலாம்.

ஆசிரியரை 'மாற்றிக் கொடுங்கள்' என்று பி.இ.ஓ.விடம் கேட்டால் அவர் கையை விரிப்பார். அதில் நியாயம் உண்டு. 2020-ஆம் ஆண்டின் ஆசிரியர் இடமாற்றச் சட்டப்படி நிரந்தர இடமாற்றம் கலந்தாய்வில்தான் நடக்கும். அவரால் செய்யக்கூடியது இரண்டு. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை வாரத்தில் சில நாள் அனுப்பலாம், அதிதி ஆசிரியருக்கு இடம் ஒதுக்கலாம். இதை மட்டும் கேளுங்கள், கிடைக்க வழி இருக்கிறது. அதிதி ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் பள்ளிக்கும் குழுவுக்கும் பங்கு உண்டு. ஆகவே தமிழில் பட்டமும் பி.எட். அல்லது டி.எட். படிப்பும் உள்ளவர் யார் என்று நம் பகுதியில் முன்பே விசாரித்து, சான்றிதழ் நகலோடு வைத்திருங்கள். ஒதுக்கீடு வந்த பிறகு ஆள் தேடினால், வேறு மொழிப் பாடத்துக்கு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆங்கிலப் பிரிவு கேட்கலாமா என்று எல்லாப் பெற்றோரும் என்னிடம் கேட்கிறார்கள். 2019-இல் மாநிலத்தில் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. என் அபிப்பிராயம், கேளுங்கள், ஆனால் முதல் மொழி தமிழாக இருக்க வேண்டும் என்று அதே தீர்மானத்தில் எழுதுங்கள். கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாக எடுக்க முடியும். மற்றப் பாடங்களுக்கு 100 மதிப்பெண், முதல் மொழிக்கு 125. அந்த 125-ஐ நம் பிள்ளைகள் எதற்கு விட வேண்டும்?

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மொழி உரிமையைப் பேசுங்கள். ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு சொல்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடலாம். உடைந்த குழாய்க்கும் ஒழுகும் கூரைக்கும் 'தமிழ்ப் பள்ளி என்பதால் புறக்கணிக்கிறார்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த தெருக் கன்னடப் பள்ளியிலும் அதே குழாய் உடைந்துதான் கிடக்கிறது. அந்தப் பள்ளியின் எஸ்.டி.எம்.சி. தலைவரையும் அழைத்துக்கொண்டு சேர்ந்து போனால் கதவு சீக்கிரம் திறக்கும்.

சாப்பாடு

சுருக்கமாகவே சொல்கிறேன், தாய்மார்களுக்கு இதில் யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். ஆறு முதல் எட்டு வரை 150 கிராம், 30 கிராம், 75 கிராம். இது மத்தியத் திட்டத்தின் அளவு. கர்நாடகத்தில் 2013 ஆகஸ்ட் 1 முதல் க்ஷீரபாக்யம் என்கிற பால் திட்டத்தில் 150 மில்லி பாலும் உண்டு. பெங்களூரில் பல பள்ளிகளுக்குப் பெரிய சமையற்கூடத்திலிருந்து வேனில் சாப்பாடு வருகிறது. வருகிற நேரம், சாம்பாரின் சூடு, ருசிப் பதிவேட்டில் யார் கையெழுத்து என்ற மூன்றையும் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு ஒருவர் என்று அம்மாக்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். முட்டை தருகிற நாளில் எண்ணிக்கையையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குப் போகிற நாள்

பி.இ.ஓ. அலுவலகத்துக்குப் பத்துப் பேர் போகாதீர்கள், போராட்டம் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு பேர், அதில் ஒருவர் கன்னடம் தெளிவாகப் பேசுகிறவர். கையில் மூன்று தாள்: மனு, தீர்மானத்தின் நகல், மனுவின் இன்னொரு பிரதி. மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு மனுவில் ஒரு விஷயம். கழிப்பறையும் ஆசிரியரும் ஒரே தாளில் இருந்தால் இரண்டு பிரிவுக்காரர்களும் அது அடுத்த மேசைக்கானது என்பார்கள்.

'சார் பந்தில்லா', சார் வரவில்லை என்பார் வாசலில் இருக்கிறவர். பரவாயில்லை, சாரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது இல்லை. தபால் பிரிவு எது என்று கேட்டு, 'மனவி கொடலு பந்தித்தேவே', மனு கொடுக்க வந்திருக்கிறோம் என்று சொல்லி மனுவைக் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். 'முத்திரை பூட்டியிருக்கிறது, நாளைக்கு வாங்க' என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்கள். சாவி வருகிறவரை இருக்கிறோம் என்று பெஞ்சில் உட்கார்ந்து, பையில் இருந்த ரவிக்கைக்குக் கொக்கி தைக்க ஆரம்பித்தேன். இரண்டாவது ரவிக்கைக்குப் போவதற்குள் சாவி கிடைத்துவிட்டது.

அந்தப் பதிவு எண்தான் உங்கள் பிடி. பதினைந்து நாள் கழித்து எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், எந்த மேசையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். கோபப்பட வேண்டாம். 1991-இல் தயாரான வள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்ட் 9 வரை மூடியே நின்றதைப் பார்த்தவர்கள் நாம். ஒரு கோப்பு ஒரு மாதம் தூங்குவது நமக்கு என்ன பெரிய விஷயம்?

அப்படியும் அசையவில்லை என்றால், பழைய மனுவின் முத்திரை இட்ட நகலை இணைத்து டி.டி.பி.ஐ.க்கு எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் கொடுத்த குறைக்கு மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் திருப்தி இல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. பணக் கணக்கு மறைக்கப்படுகிறது என்று தோன்றினால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கர்நாடக விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருள், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே காரணம் காட்டித் திருப்பிவிடுவார்கள். இதை உங்கள் தலைமை ஆசிரியை மீது முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். குழு உறுப்பினருக்குக் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது, கூட்டத்தில் கேட்டு, மறுத்தால் மறுத்ததைப் புத்தகத்தில் ஏற்றுங்கள். பத்திரிகை நிருபரைக் கூப்பிடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. செய்தி வந்த மறுநாள் ஆய்வுக்கு வருகிறவர்கள் குழாயைப் பார்க்க மாட்டார்கள், செய்தி கொடுத்தது யார் என்றுதான் பார்ப்பார்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

பிள்ளை அந்தப் பள்ளியை விட்டதும் நம் உறுப்பினர் பதவியும் முடிகிறது. தலைவர் மாறினால் வங்கியில் கையெழுத்தை மாற்ற வேண்டும். அதற்குப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகல், தலைமை ஆசிரியரின் கடிதம், புதியவரின் ஆதார், புகைப்படம் என்று வங்கி கேட்கும். இதைத் தள்ளிப்போட்டால் மானியம் வந்தும் எடுக்க முடியாமல் நிற்கும், ஆகவே தேர்தல் நடந்த வாரத்திலேயே பழைய தலைவர், புதிய தலைவர், தலைமை ஆசிரியர் மூன்று பேரும் சேர்ந்து வங்கிக்குப் போய்விடுங்கள். உங்கள் பெயரில் கையெழுத்தான கடைசிக் காசோலையின் எண்ணைப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். முத்திரை வாங்கிய மனு நகல்களை எல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டுப் புதியவரிடம் கொடுங்கள், நிலுவையில் இருப்பவற்றின் பதிவு எண்களை மேல் அட்டையிலேயே எழுதி. ஒரு செட் நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கை இரண்டு ஆண்டு கழித்தும் வரும், அப்போது உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.